புறமுதுகு காட்டாத படை

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்காக நியூசிலாந்தில் ஸ்டீபன் ரெஜெலஸ் உருவாக்கிய 'மேசிவ்' மென்பொருளைப் பற்றி ஒரு கதை உண்டு. தொடக்ககாலச் சோதனை ஒன்றில், கணினிக்குள் மோதவிட்ட வீரர்களில் சிலர் களத்தை விட்டு ஓடிவிட்டார்களாம். சாவுக்கு அஞ்சும் அளவுக்கு அவர்களுக்கு அறிவு வந்துவிட்டது என்று பலரும் வியந்தார்கள். உண்மை வேறு. எதிரி இல்லாத திசையைப் பார்த்து நின்றவர்கள், எதிரி கண்ணில் படாததால் அதே திசையில் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பயம் என்று நாம் படித்தது வெறும் பிழை.

திரையில் பெரும்படை காட்ட ஒருகாலத்தில் உண்மையான படையே தேவைப்பட்டது. 1970-இல் வந்த 'வாட்டர்லூ' படத்துக்காக இயக்குநர் செர்கேய் பொந்தார்ச்சுக், உக்ரைன் மண்ணில் ஏறக்குறைய 15,000 சோவியத் காலாட்படையினரை நிறுத்தினார். 1815-ஆம் ஆண்டின் அணிவகுப்பை அவர்கள் மாதக்கணக்கில் பழகினார்கள். சதுர அணிகளைச் சுற்றிக் குதிரைகள் பாயும் காட்சியை மேலிருந்து பார்க்கும்போது, அங்கே நிற்பது மனித உடல்கள் என்பது நம் வயிற்றுக்குத் தெரிகிறது.

மேசிவ் அந்த உடல்களுக்கு மாற்றாக வந்தது. அதை நகலெடுக்கும் கருவி என்று நினைப்பது தவறு. 1986-இல் பறவைக்கூட்டத்தைக் கணினியில் காட்ட கிரெய்க் ரெனால்ட்ஸ் எழுதிய 'பாய்ட்ஸ்' நிரலில் ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள்: மோதாதே, அருகில் இருப்பவை போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. ரெஜெலஸ் வெகுதூரம் முன்னே போனார். அவருடைய வீரன் தான் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதையே பார்க்கிறான், ஒலி கேட்கிறான், காலடி மேடா பள்ளமா என்று அறிகிறான். 'ஆம், இல்லை' என்று வெட்டாமல், 'கொஞ்சம் அருகில்', 'நிறைய ஆவேசம்' என்று எடைபோடும் ஃபஸி லாஜிக் விதிகள், மனிதர்களிடம் பதிவுசெய்த அசைவுகளிலிருந்து வெட்டையோ தடுப்பையோ அவனுக்காகத் தேர்ந்தெடுக்கின்றன. கூட்டத்தைத் தனித்தனி ஆட்களாகப் பிரித்துப் பார்த்த இந்த வேலைக்கு 2004-இல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. தகும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வருத்தம். தனி ஆளை உருவாக்கப் பிறந்த நுட்பத்தைத் திரையுலகம் தலைக்கணக்குக்குப் பயன்படுத்தியது. பத்தாயிரம் போதாமல் லட்சம். எல்லாரும் முன்னே பாய்கிறார்கள், எல்லாரும் கடைசி மூச்சுவரை வெட்டிக்கொள்கிறார்கள். தயங்குபவன் இல்லை, அடிபட்ட நண்பனை இழுத்துக்கொண்டு ஒதுங்குபவன் இல்லை. அச்சமும் ஒரு விதியாக எழுதக்கூடியதுதான், கேட்பவர்கள்தான் குறைவு.

இதில் கணினி விளையாட்டுகள் சினிமாவைவிட நேர்மையாக நடந்திருக்கின்றன. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி 2000-இல் தொடங்கிய 'டோட்டல் வார்' வரிசையில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் மன உறுதி என்று ஓர் அளவு உண்டு. தளபதி சாய்ந்தால், பக்கவாட்டில் அடி விழுந்தால், களைத்துப்போனால் அது சரியும். எல்லை தாண்டினால் வெள்ளைக்கொடி தோன்றும், அணி கலைந்து ஓடும். எதிரியைக் கொன்று தீர்ப்பதைவிட அவன் உறுதியை உடைப்பதே வெற்றி என்று ஆடுபவர் ஓரிரு மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார். பழங்காலப் போர்களின் இயல்பும் அதுதான். அணி உடைந்து ஓடும்போதுதான் பெருஞ்சாவு விழுந்தது. ஜெயங்கொண்டாருக்கும் இது தெரியும்: கலிங்க வீரர்கள் ஒளிந்தும் துறவி வேடம் பூண்டும் தப்பியதைக் கலிங்கத்துப்பரணியில் பாடாமல் அவர் விடவில்லை.

ஆனாலும் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வரிசையில் வந்த 'த டூ டவர்ஸ்' படத்தின் ஹெல்ம்ஸ் டீப் போரை நான் இன்றும் விரும்பிப் பார்க்கிறேன். மதிலுக்கு வெளியே பத்தாயிரம் உருக்-ஹாய் அரக்கர்கள், மழை, தரையில் ஈட்டிகளை இடிக்கும் ஓசை. மதில்மேல் வில்லை இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு கிழவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கட்டளை வருமுன் நாண் நழுவி அம்பு பாய்கிறது. கீழே ஒருவன் சாய்கிறான். அத்தனை பெரிய போரும் அந்தத் தளர்ந்த கையிலிருந்துதான் தொடங்குகிறது.