புழல் ஏரி விமானப்படையும் 1946 வேலைநிறுத்தமும்

காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர்க் கரைகளுக்கு மேற்கே இருக்கிறது புழல் ஏரி. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் இந்த ஏரி, இரண்டாம் உலக யுத்தத்தில் விமான தளமாகவும் இருந்தது என்பதை நம் தோழர்களில் பலர் அறியமாட்டார்கள்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களில் குண்டு வீசின. சென்னை நகரம் பீதியில் காலியாயிற்று. வெள்ளைக்கார சர்க்கார் தன் இலாகாக்களை மூட்டை கட்டி வெளியூர்களுக்கு அனுப்பியது. ஏழை ஜனங்களைக் கேட்பாரில்லை.

அவ்வாண்டின் நடுவில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் புழலுக்கு வந்தது. அதன் ‘காட்டலினா’ விமானங்கள் தண்ணீரிலிருந்தே கிளம்பும், தண்ணீரிலேயே இறங்கும். நம் கரையைத் தாண்டி வங்கக் கடலுக்குப் போய், நீர்மூழ்கிகளைத் தேடும். கப்பல்களுக்குக் காவல் நிற்கும். பாசிசத்தை எதிர்த்த அந்த வேலை அவசியமானதே. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்த பிறகும் விமானப்படையினரை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை? சாம்ராஜ்யத்தைக் காக்கவே தங்களை வைத்திருக்கிறார்கள் என்று அவர்களில் பலர் சந்தேகித்தார்கள்.

1946 ஜனவரியில் 240-ஆம் ஸ்குவாட்ரன் இலங்கைக்கு மாறியது. அதே மாதம் கராச்சியின் டிரிக் ரோடு முகாமில் பிரிட்டிஷ் விமானப்படையினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கான்பூர், இலங்கை, சிங்கப்பூர் என்று அது பரவியது. சுமார் 60 முகாம்களில் ஏறத்தாழ 50,000 பேர் கலந்துகொண்டார்கள்.

இவர்கள் யார்? மெக்கானிக்குகள், எலக்ட்ரீஷியன்கள், சீருடை மாட்டிய தொழிலாளிகள்! கராச்சியில் முன்னின்ற ஆர்தர் அட்வுட் ஒரு கம்யூனிஸ்டு. சிங்கப்பூரில் நாரிஸ் சிம்பலிஸ்டுக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தார்கள். பிரிட்டனில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் அது குறைக்கப்பட்டது. நாம் கூலி உயர்வு கேட்டால் ‘சட்டவிரோதம்’ என்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகக் கேட்டதற்குப் பெயர் ‘கலகம்’!

அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். இந்திய விமானப்படையினரும் அவர்களுக்கு ஆதரவாக வேலையை நிறுத்தினார்கள். ஏகாதிபத்தியத்தின் கையிலிருந்த ஆயுதமே அதன் பேச்சைக் கேட்க மறுத்தது.

2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ கப்பல் பழுதுபார்ப்புக்காகக் காட்டுப்பள்ளிக்கு வந்தது. யாருடைய யுத்தத்துக்காக நம் கரையில் வேலை நடக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1946-இல் அந்தத் தொழிலாளிகள் கேட்டதும் இதே கேள்விதான்.

அதிகாரிகள் எழுதும் படைச் சரித்திரத்தில் விமானங்களும் பதக்கங்களும் இருக்கும். வேலைநிறுத்தத்தை நாம்தான் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.