விற்கிறவனே யோசனை சொன்னால்

சுடுகாட்டுப் பாதைக்கும் பஞ்சமி நிலத்துக்கும் போராடுகிற ஒரு இயக்கத்தின் இதழில் கணினி மென்பொருளைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒதியம்பட்டிலும் வில்லியனூர், பாகூர் பக்கத்திலும் காலனியிலிருந்து கிளம்பி அச்சகம், தையல் யூனிட், செராக்ஸ் கடை, ஃபிளெக்ஸ் கடை என்று கால் ஊன்றப் பார்க்கிற நம்ம ஆட்களின் கடன் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

நான் வங்கியில் எழுத்தர். தொழில் கடன் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. 2016 ஏப்ரலில் ஸ்டேண்ட் அப் இந்தியா திட்டம் வந்தபோது, ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தபட்சம் ஒரு எஸ்.சி. அல்லது எஸ்.டி.க்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்தத் திட்டமானாலும் வேறு திட்டமானாலும் நடைமுறை ஒன்றுதான். இயந்திரத்துக்கும் கணினிக்கும் டீலரிடம் கொட்டேஷன் வாங்கி வர வேண்டும். வங்கி அந்தப் பணத்தை டீலர் கணக்குக்கே அனுப்பிவிடும். கடன் வாங்கியவர் பணத்தைத் தொடுவதே இல்லை, வட்டியைத்தான் தொடுகிறார். என்ன கணினி வேண்டும், என்ன மென்பொருள் வேண்டும், எத்தனை வேண்டும் என்று முடிவு செய்தது யார்? கொட்டேஷன் எழுதிய அதே டீலர். விற்கிறவனே யோசனை சொல்கிறான். அடகுக்கடைக்காரனிடம் போய் நகையை அடகு வைக்கலாமா வேணாமான்னு கேட்ட கதைதான் இது.

இப்போது இந்தக் கதையில் புதுசா ஒரு அத்தியாயம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குப் போக வேண்டுமானால் கணினியில் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற, பழுதில்லாத பழைய பெட்டிகளில் நிறைய இந்தப் பரீட்சையில் தேறாது. "இது இனிமே ஆவாதுண்ணே, புதுசு போட்டுக்குங்க" என்பதுதான் கடைக்காரரின் வைத்தியம். அதே பெட்டியில் லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருசம் உழைக்கும் என்று அவர் ஏன் சொல்லப் போகிறார்? அவர் கெட்டவர் என்பதல்ல என் வாதம். அவருக்குச் சோறு போடுவது விற்பனை.

"நம்மாளுங்க எவன் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கறான், எல்லாம் திருட்டு காப்பிதானே" என்று சிரிக்கிற தோழர்களுக்கு ஒரு தகவல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கச் சொல்கிறது. சட்டம் எல்லோருக்கும் பொது. சோதனை என்று வந்தால் முதலில் யார் கடையின் ஷட்டரைத் தூக்குவார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்வைத்த கோரிக்கை எளிமையானது. மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதிய பிறகு அது முழு இயங்குதளமானது. படிக்காதே, தொடாதே, அடுத்தவனுக்குச் சொல்லாதே என்ற விதிகளை இரண்டாயிரம் வருசமாக அனுபவித்த ஒரு சமூகத்துக்கு இந்த நாலு உரிமைகளின் அர்த்தத்தை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதை அரசுக்குள் கொண்டுபோனவர் ஒரு தலித் அதிகாரி என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கிக் காட்டியவர். பிறகு எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக 2007 வாக்கில் அந்த அலுவலகத்தின் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார், அரசுக் கொள்முதலிலும் லினக்ஸை நுழைத்தார். 2010 ஜூலையில் சாதிச் சான்றிதழ் பொய் என்ற குற்றச்சாட்டில் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். தலித் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. அடுத்த மாதமே இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. இடைநீக்கத்துக்கும் லினக்ஸுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. எனக்குப் படுகிற பாடம் வேறு. எல்காட்டில் நடந்த மாற்றம் ஒரு அதிகாரியின் உறுதியில் நின்றது. அவர் நாற்காலி மாறியதும் அதைத் தாங்கிப் பிடிக்கக் கீழே அமைப்பு இல்லை. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் சீ-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்த்தே ஏற்றித் தரப்பட்டன. விழுப்புரம் மாவட்டத்திலுள்ள என் சொந்தக்காரப் பிள்ளைகள் பாஸ் பக்கம் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டால் சொல்லித்தர அந்த ஊரில் ஒரு ஆளும் இல்லை.

கேரளத்தைப் பாருங்கள். ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் கீழ் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறியபோது மாவட்டந்தோறும் பயிற்றுநர்களும், பள்ளியில் பொறுப்பாசிரியர்களும் இருந்தார்கள். சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஒரு முகம் இருந்தது. கட்டற்ற மென்பொருளுக்கென்றே திருவனந்தபுரத்தில் ஐசிஃபாஸ் என்ற அரசு மையமும் இயங்குகிறது. மென்பொருள் இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். யோசனை சொல்ல ஆள் இருந்த இடத்தில் அது நிலைத்தது.

ஆகவே நமக்குத் தேவை விற்காத ஒரு யோசனைக்காரர். தனித்தனியாக அவரை வைத்துக்கொள்ள நம் கடைகளுக்கு வசதி கிடையாது. கூட்டாக வைத்துக்கொள்ள முடியும். சுய உதவிக் குழுவில் நம்ம பெண்கள் மாசாமாசம் செய்கிற வேலைதான். வில்லியனூர் வட்டாரத்தில் இருபது சின்னத் தொழில்கள் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போட்டால் 4000 ரூபாய். பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ முடித்த நம்ம பிள்ளை ஒருவருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் கூலி. அவருக்கு மூன்று கட்டுப்பாடு. எந்தக் கம்பெனியிடமும் கமிஷன் வாங்கக் கூடாது. எதையும் விற்கக் கூடாது. சொன்ன யோசனையைத் தமிழில் நோட்டில் எழுதி வைக்க வேண்டும், இருபது பேரும் படிக்கலாம். ஒரு கடையில் பிரிண்டர் மக்கர் பண்ணியதற்குக் கண்டுபிடித்த வழி அடுத்த கடைக்கும் பயன்பட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்கிற வீராவேசமும் உதவாது. கடிதம், விலைப்பட்டியல், கணக்குத்தாள் ஆகியவற்றை லிப்ரே ஆபீஸில் இப்போதே செய்யலாம். படம், வடிவமைப்புக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் இருக்கின்றன, பழகச் சில மாதம் பிடிக்கும். ஆடிட்டர் டேலியில்தான் கேட்கிறார் என்றால் டேலி இருக்கட்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதன் ஆஃப்லைன் கருவியே விண்டோஸையும் எக்செல்லையும் கேட்டது. தேவைப்படுகிறவர் ஒரு பெட்டியை அதற்கு ஒதுக்கட்டும். எதை மாற்றக் கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்தான் நேர்மையான யோசனைக்காரர். லினக்ஸ் வெறியரும் ஒருவகையில் விற்பனையாளர்தான்.

கூலி என்று அழுத்திச் சொல்கிறேன். 'கட்டற்ற' என்பதை 'இலவசம்' என்று புரிந்துகொண்டு, சேவையாகச் செய்துகொடு தம்பி என்று கேட்பார்கள். வெட்டி வேலை நம் சனங்களுக்குப் புதிதல்ல. பறையடித்ததற்கும் பிணம் சுட்டதற்கும் கூலி கேட்டு நடந்த சண்டைகளின் வாரிசுகள் நாம். மென்பொருளுக்கு விலை இல்லாமல் போகலாம், உழைப்புக்கு உண்டு.

இந்தத் திறந்த உலகத்தில் சாதி இல்லை என்றும் யாரும் கற்பனை செய்ய வேண்டாம். 2020 ஜூனில் சாதிப் பாகுபாடு காட்டியதாக சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. மூலநிரல் திறந்திருக்கிறது என்பதால் அதை எழுதுகிறவர்களின் கூடமும் நமக்குத் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் நோட்டு தமிழில் இருக்க வேண்டும் என்கிறேன். முன்னுதாரணம் இல்லாமலில்லை. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியிலேயே அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்ற பெயரில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அந்தப் பகுதிப் பிள்ளைகளும் சேர்ந்து ஒன்றை நடத்திக் காட்டினார்கள். புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்துத் தோழர்கள் இருக்கிறார்கள். 2012இலிருந்து கணியம் இதழ் இந்தச் சரக்கையெல்லாம் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. அவர்களிடம் கற்போம். ஆனால் குழுவின் கணக்கும் முடிவும் நம் கையில் இருக்கட்டும்.

கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று. தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் பேஜ்மேக்கரில், ஆளுக்கொரு தனியார் எழுத்துருவில் கோக்கப்பட்டன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்புகளைத் திறந்தால் நம் கவிதைகள் கிறுக்கலாகத் தெரிகின்றன. எழுதியவர் நாம், ஆனால் நம் எழுத்தை நாமே படிக்க இன்னொருவனின் அனுமதி வேண்டியிருக்கிறது. கடைக்காரரின் பத்து வருசக் கணக்குக்கும் நாளை இந்தக் கதிதான் வரும்.

பொறியியல் படிக்கிற மாணவத் தோழர்கள் விடுமுறையில் உங்கள் ஊர்த் தெருவில் எத்தனை கடைகளில் என்ன கணினி, என்ன மென்பொருள், எவ்வளவு கடன் என்று ஒரு கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடு பாட்கோவிடமும் மாவட்டத் தொழில் மையத்திடமும் போவோம். கொட்டேஷனுக்குக் கடன் கொடுக்கிற அரசு, அந்தக் கொட்டேஷனைச் சரிபார்த்துச் சொல்கிற ஆளுக்கு ஏன் கூலி கொடுக்கக் கூடாது என்று கேட்போம். அவர்கள் கொடுக்கும்வரை ஆளுக்கு 200 ரூபாயில் நாமே தொடங்கலாம். மாற்று யோசனை உள்ள தோழர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.