வீட்டிலேயே அலர்ஜி டெஸ்ட்! ரிப்போர்ட்டை நம்பி பாலை நிறுத்தலாமா?

பெர்ன்ஹில் (ஊட்டி)

விரலில் ஒரு குத்து. அட்டையில் ஒரு சொட்டு ரத்தம். சில நாளில் செல்போனுக்கு ரிப்போர்ட் வந்து விழுகிறது. பால், சிவப்பு! முட்டை, சிவப்பு! கோதுமை, அதுவும் சிவப்பு!

மறுநாளிலிருந்து அந்த வீட்டுக் குழந்தைக்குப் பால் கிடையாது, முட்டை கிடையாது. சாயங்காலம் வர்க்கி கூடக் கிடையாது.

பெர்ன்ஹில்வாசிகளுக்கு இது வசதியாகத்தான் தெரியும். மழையிலும் குளிரிலும் ஊட்டி டவுனுக்குப் போய் ஆஸ்பத்திரி கியூவில் நிற்க வேண்டாம், பாருங்கள்! ஆனால் ஆயிரக்கணக்கில் பணத்தை வாங்கிக்கொண்டு அந்த ரிப்போர்ட் என்னதான் சொல்கிறது?

பால் டீ குடித்தால் குற்றமா?

ரத்தத்தில் தேடும் சமாசாரம் இரண்டு. ஒன்று ஐ.ஜி.இ. 1966-ல் அமெரிக்காவில் இஷிசாகா என்ற ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதி கண்டுபிடித்தது. வேர்க்கடலை தின்ற சில நிமிஷத்தில் உதடு வீங்குவது, உடம்பு தடிப்பது, மூச்சு இழுப்பது எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை.

இன்னொன்று ஐ.ஜி.ஜி. "ஒத்துக்காத சாப்பாட்டைக் கண்டுபிடிக்கிறோம்" என்று விற்கும் டெஸ்டுகளில் பலவும் அளப்பது இதைத்தான். கோளாறே இங்கேதான். அடிக்கடி சாப்பிடும் பொருளுக்கு ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. இருப்பது சகஜம். தினம் மூணு வேளை பால் டீ குடிக்கிறவருக்குப் பாலில் சிவப்பு விழுந்தால், அவர் பால் குடிக்கிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான்!

இதை வைத்து அலர்ஜி என்று முடிவு கட்டக் கூடாது என ஐரோப்பிய அலர்ஜி நிபுணர்கள் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது. கனடா சங்கமும் 2012-ல் அதையே சொன்னது. வியாபாரம் மட்டும் நின்றபாடில்லை.

மைசூர்ப் பக்கத்துக் கணக்கு

சரி, ஐ.ஜி.இ. டெஸ்டே எடுத்துவிட்டால்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் எடுத்தது. (பெர்ன்ஹில் அரண்மனையே மைசூர் மகாராஜா கோடைக்கு வந்து தங்கியதுதானே!)

24 வகை உணவுகளுக்குப் பெரியவர்களைச் சோதித்த அந்த ஆய்வு 2016-ல் வெளியானது. நூற்றுக்கு 26.5 பேர் ரத்தத்தில் உணவுக்கு எதிரான ஐ.ஜி.இ. இருந்தது. சாப்பிட்டதும் தொந்தரவும் வந்து, அதே உணவுக்கு ரத்தத்திலும் காட்டியவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு 1.2 பேர்! ரத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் மிச்சம் 25 பேரும் வீணாகப் பத்தியம் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இறாலைக் கையால் தொடாத சைவருக்கும் "இறால் அலர்ஜி" என்று ரிப்போர்ட் வரலாம்! இறால், கரப்பான் பூச்சி, மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி, மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே ஜாடையில் ஒரு புரதம் உண்டு. கம்பளி சரியாகக் காயாத மலை வீட்டில் தும்மலுக்குக் காரணம் மெத்தையாக இருக்கும். பழி சாப்பாட்டின் மேல்!

"ஒன்றுமில்லை" என்று வந்தால்?

அதுதான் இன்னும் ஆபத்து. கடலை தின்று ஒரு தடவை தொண்டை அடைத்தவர், "ரிப்போர்ட்டில் ஒண்ணும் இல்லையே" என்று வீட்டிலேயே மறுபடி தின்று பார்த்தால்? மூச்சு அடைத்தால் முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அது வீட்டு அலமாரியில் இருக்காது.

பால் குடித்து வயிறு உப்புகிறவர்கள் பலருக்கு இருப்பது அலர்ஜியே அல்ல. பால் சர்க்கரை செரிக்காத கோளாறு. எந்த அலர்ஜி டெஸ்டிலும் அது தெரியாது.

டாக்டர் முதலில் கேட்பது கதையை. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆச்சு, ஒவ்வொரு தடவையும் ஆகிறதா? பிறகு தேவைப்பட்டால் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை. 15, 20 நிமிஷத்தில் தடிப்பு தெரியும். அப்போதும் சந்தேகம் என்றால், ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, அந்த உணவையே துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். கடைசித் தீர்ப்பு அதுதான்.

ஏற்கெனவே டெஸ்ட் எடுத்துவிட்டவர்கள் ரிப்போர்ட்டில் ஐ.ஜி.ஜி.யா, ஐ.ஜி.இ.யா என்று பார்த்து, டாக்டரிடம் எடுத்துப் போங்கள். குழந்தைக்குப் பாலும் முட்டையும் நிறுத்தி எத்தனை மாசம் ஆச்சு, எடை ஏறியதா இறங்கியதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.