புதியதைப் போட்டால் மோதல் தீராது

திருப்பதி, சித்தூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் பயிலரங்கம் நடத்த வருகிறவர்கள் பல வருடமாக ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "பேக்கேஜ் மோதுதா? லேட்டஸ்ட் வெர்ஷனைப் போடு. அப்பவும் மோதுதா? ஃபோர்ஸ் குடு." புத்தூர், நகரியிலிருந்து வரும் பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

புதியது காப்பாற்றுமா? 2024 ஜூனில் பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பை 2.0 வந்தது. அதற்கு முந்தைய 1.x நம்பையை வைத்து கம்பைல் செய்த மாட்யூல்கள் பல அதோடு ஓட மறுத்தன. சும்மா இருந்தவன் தப்பித்தான். அப்கிரேட் செய்தவன்தான் மாட்டினான்.

பயிலரங்கக்காரர்களின் வாயடைக்க டெபியன் லினக்ஸின் கதை ஒன்றே போதும். ஹாம் ரேடியோக்காரர்களின் புரோகிராம் ஒன்றுக்கு 'நோட்' என்று பெயர். பின்னால் வந்த, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் அதே பெயரில்தான் ஓடும். ஒன்று ஒரு டைரக்டரியில், மற்றது வேறொன்றில்; ஆகவே ஃபைல் மோதல்கூட இல்லை. ஆனாலும் வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு புரோகிராம்கள் ஒரே பெயரில் இருக்கக்கூடாது என்பது டெபியனின் விதி. விவகாரம் 2012-இல் தொழில்நுட்பக் குழு வரை போனது. நோட்.ஜேஎஸ் 'நோட்ஜேஎஸ்' என்ற பெயரில் வந்தது. பழைய பெயர் வேண்டுவோருக்குத் தனியாக ஒரு பேக்கேஜ் வைத்தார்கள். இதில் எதன் லேட்டஸ்ட் வெர்ஷனைப் போட்டு எதைத் தீர்த்திருப்பார்கள்? இரண்டு தரப்பிலும் தப்பில்லை. உட்கார்ந்து பேசித்தான் முடிக்க வேண்டியிருந்தது.

ஃபோர்ஸ் இன்னும் மோசம். இரண்டு பேக்கேஜ்கள் ஒரே ஃபைலைக் கொண்டுவந்தால், டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி நின்றுவிடும். மீறி மேலெழுதச் சொன்னால் ஃபைல் புதியவனுக்குச் சொந்தமாகிவிடும். நாளை அவனை நீக்கினால் ஃபைலும் சேர்ந்து போகும்; பழைய பேக்கேஜ் நிறுவப்பட்டதாகவே பட்டியலில் இருக்கும், வேலை செய்யாது. மாணவன் இரவெல்லாம் தன் கோடில் தப்பு தேடுவான்.

எல்லாவற்றையும் தனி இமேஜில் அடைத்து ஓட்ட டாக்கர் இருக்கிறதே என்பார்கள். அந்த இமேஜைக் கட்டும்போதும் உள்ளே பேக்கேஜ்களை நிறுவுவது டெபியனின் ஆப்ட், பைத்தானின் பிப்தான்; மோதல் அங்கேயும் வரும்.

2023-இல் வந்த டெபியன் 12, சிஸ்டம் பைத்தானில் பிப் நேராக நிறுவுவதையே தடுத்து, தனிச் சூழல் அமைக்கச் சொல்கிறது. அந்தத் தடையைத் தாண்டும் கட்டளையைச் சில லேப் கையேடுகள் முதல் பக்கத்திலேயே அச்சிடுகின்றன. அதை எடுத்துவிட்டு, எந்தப் பேக்கேஜ் எதைக் கேட்கிறது என்று எரர் மெசேஜிலிருந்து படித்துச் சொல்லும் பயிற்சியை அங்கே வையுங்கள்.