வாங்கிய பாட்டு வாங்கியவர் கையில் இருக்க வேண்டும்

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இசையமைத்த முதல் படம் ‘அன்னக்கிளி’ 1976இல் வந்தது. அப்போது அந்த ஊர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் பெரும்பாலான வீடுகளில் ரிக்கார்டு போடும் பெட்டி கிடையாது. அது மைக்செட் கடைக்காரரிடம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு என்று எது நடந்தாலும் அவர் காசு கொடுத்து வாங்கிய இசைத்தட்டுதான் குழாய் ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே கேட்டது. பிறகு கேசட் காலம். நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் அறுபது, தொண்ணூறு நிமிட நாடாவில் பதிந்து தரும் கடைகள் வந்தன. அந்தப் பதிவில் இசையமைத்தவருக்குக் காசு போகவில்லை. அதை நியாயப்படுத்தவில்லை.

பழைய தட்டும் கேசட்டும் சேர்ப்பவர்கள், மைக்செட் தொழிலில் இருப்பவர்கள், பாட்டுப் பித்தர்கள் கூடி நடத்தும் அமைப்பின் நிலைப்பாடு இது. இந்த அமைப்பு இணையத்தில் இசை கேட்பதற்கு எதிரானதல்ல. திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கும்போதே கைபேசியில் நினைத்த பாட்டைக் கேட்க முடிவது பெரிய வசதி. கேள்வி வேறு: காசு கொடுத்த பிறகு அந்தப் பாட்டு யாருடையது?

இந்தியாவில் இதற்கு அனுபவமே பதில் சொல்லியிருக்கிறது. ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012இல் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் எம்பி3 பாட்டுகளை விற்கத் தொடங்கியது. 2013 ஜூனில் மூடியது. வாங்கிய பாட்டுகளை இறக்கிக்கொள்ளக் குறுகிய அவகாசமே கிடைத்தது. கூகுள் பிளே மியூசிக்கும் 2020இல் மூடப்பட்டது. வாடகைக்குக் கேட்பவர் நிலை இன்னும் மோசம். ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்தது. பழைய எச்.எம்.வி. பதிவுகளைக் கையில் வைத்திருக்கும் சரிகம நிறுவனம் அதே ஆண்டு நீதிமன்றம் போனதும் அப்பாட்டுகள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. 2020இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே திரும்பின. உரிமைக்காகச் சரிகம வழக்குப் போட்டதில் தவறில்லை. ஆனால் அந்த ஓராண்டும் அலமாரியில் தட்டு வைத்திருந்தவருக்குப் பாட்டு நிற்கவில்லை.

தட்டை இரவல் தரலாம், விற்கலாம், பேத்திக்கு விட்டுப்போகலாம். பெரும்பாலான இணையக் கடைகளில் விற்கப்படுவதோ கேட்பதற்கான அனுமதி மட்டுமே. கணக்கு வைத்திருந்தவர் இறந்தால் அவர் சேர்த்த பாட்டுகளைப் பிள்ளைகள் கேட்டுப் பெற வழியில்லாமல் போகலாம்.

சட்டத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(என்) பிரிவு, 2012 திருத்தத்துக்குப் பிறகு, லாப நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. நிபந்தனை: அந்தப் படைப்பின் மின்வடிவம் அல்லாத பிரதி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். தட்டோ கேசட்டோ இல்லாத நூலகத்துக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அமைப்பின் நிலைப்பாடு முழுவதும் இதில்தான் ஊன்றி நிற்கிறது.

சினிமாப் பாட்டு எங்காவது பிழைத்துக்கொள்ளும். கவலை மற்றவற்றைப் பற்றியது: ஊர்க் கோயிலுக்கென்று பாடிப் பதிந்த அம்மன் பாட்டு, மேடை நாடகம், ஒப்பாரி, நையாண்டி மேளம். இவற்றில் பல ஒரே ஒரு கேசட்டில் மட்டும் இருக்கக்கூடும். எந்தச் செயலியும் தேடித் தராது. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் நாடா ஒட்டி அறுந்துவிடலாம். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, “வீணாப் போச்சு” என்று பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறார்கள்.

எனவே இந்தப் பள்ளத்தாக்கு அடங்கிய தேனி மாவட்டத்தின் மைய நூலகத்தில் ஒலிப்பதிவுகளுக்கென்று ஒரு பிரிவு வேண்டும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைக்கும் அலமாரி, வெயில் படாத அறை, நல்ல ஊசியுள்ள ஒரு பிளேயர், ஒரு கேசட் டெக், ஒரு கணினி இருந்தால் தொடங்கிவிடலாம். மாற்றும் பதிவு எம்பி3யாகச் சுருங்கிவிடக் கூடாது. ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் 24 பிட் ஆழத்தையும் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு வேகத்தையும் வற்புறுத்துகிறது. அதுவே இங்கும் அளவாகட்டும்.

இணையத்தில் விற்பவர்களிடம் இரண்டு கோரிக்கை. விலை கொடுத்த பாட்டைப் பூட்டில்லாத கோப்பாக இறக்கிக்கொள்ள விட வேண்டும். அப்படித் தர முடியாவிட்டால் ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்கக் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டம், விற்பது அனுமதி மட்டும்தான் என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. ஒன்றிய அரசு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் இதைச் சேர்க்க வேண்டும் என்று அமைப்பு கேட்கிறது.

வீட்டில் கேசட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போடாமல், பாடியவர் பெயர், ஊர், எந்தத் திருவிழா, ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைக்க வேண்டும். பாடியவரோ அவர் குடும்பமோ சம்மதிக்காமல் எந்தப் பதிவையும் இணையத்தில் ஏற்றுவதை அமைப்பு ஆதரிக்காது.