பங்குத்தந்தையின் மடல்: ஆறாம் வகுப்பின் வாசலில்



ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் பங்குத்தந்தையரின் இல்லத்து வாசலில் தனியொரு கூட்டம் சேர்வது வழக்கம். பூசைக் கருத்து எழுதிக் கொடுக்க வந்தவர்களல்லர். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தவர்களுமல்லர். "பாதர், சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தாருங்கள்" என்பதே அவர்களுடைய விண்ணப்பம். கேட்பவர்களை நான் குறை கூறமாட்டேன். நம் துறவற சபைகளின் பள்ளிகள் பல தலைமுறைகளாக உழைத்துத் தேடிக்கொண்ட நற்பெயர் அது. ஆனால் கடிதங்கள் பெருகினாலும் இருக்கைகள் பெருகுவதில்லை. இடம் கிடைக்காமல் திரும்பி வருகிறவர்களிடம், "பக்கத்திலேயே அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறதே அம்மா" என்று சொல்லிப் பார்த்தால் முகம் வாடிவிடுகிறது. "அங்கேயா பாதர்?" என்கிறார்கள். அந்த "அங்கேயா" என்னும் ஒரு சொல்லைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாம் வாழும் கலைஞர் கருணாநிதி நகர், வீட்டுவசதி வாரியத்தார் மனை பிரித்து உருவாக்கிய புறநகர். நகரம் வளர்ந்து நம்மைத் தாண்டிப் போய்விட்டபடியால் இன்று இதை ஒருவரும் புறநகர் என்று சொல்வதில்லை. பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் இங்கும் சுற்றுப்புறத்திலும் பல உள்ளன. அவற்றின் கட்டணம் கட்டக்கூடியவர்கள் கட்டட்டும். ஆனால் ஆட்டோ ஓட்டுகிறவரும், நாலு வீடுகளில் பாத்திரம் துலக்குகிற தாயும், வட்டிக்குக் கடன் வாங்கி ஒரு சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளியின் வாசலில் நிற்பதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை. அவர்கள் இழப்பது கட்டணப் பணம் மாத்திரமன்று. அறியாமலே வேறொன்றையும் இழக்கிறார்கள்.

2020-ஆம் ஆண்டில் தமிழக சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் மாநிலத்துக்குரிய இடங்களில் 7.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. நீதியரசர் கலையரசன் தலைமையிலான குழுவின் பரிந்துரையின் மேல் எழுந்த சட்டம் இது. அதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரிகளில் நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதலாண்டிலேயே, பல் மருத்துவத்தையும் சேர்த்து நானூறு பேர் அளவில் இடம் பெற்றனர். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு விரிந்தது. இவ்வாறு சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதில் பெற்றோர் உற்று நோக்கவேண்டிய நிபந்தனை ஒன்றுண்டு. பிள்ளை 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றிருக்க வேண்டும். (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டாவது வரை படித்து, ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.) இப்பொழுது ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகள் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் நன்றாகவே படிக்கிறாள். உறவினர் வீட்டுத் திருமணத்தில் யாரோ, "இன்னும் கவர்மெண்ட் ஸ்கூல்தானா?" என்று கேட்டுவிடுகிறார்கள். தகப்பனாருக்கு ரோஷம் வந்துவிடுகிறது. நகையை அடகு வைத்து ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்க்கிறார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மகள் நல்ல மதிப்பெண்களோடு விண்ணப்பம் நிரப்பும்போது, அந்த ஒதுக்கீட்டின் கதவு அவளுக்குச் சாத்தியிருக்கிறது. ரோஷத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க நம்மில் யாருக்கு வசதி இருக்கிறது?

பெண்பிள்ளைகளுக்கு மற்றொரு திட்டமும் உண்டு. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி வழங்கத் தொடங்கினார்கள். 2011-இல் தாலிக்குத் தங்கமும் அதனோடு சேர்ந்தது. 2022-இல் அதே அம்மையார் பெயரிலேயே அது உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. அதுவே "புதுமைப் பெண்". அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியிலோ, பாலிடெக்னிக்கிலோ, தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே சேரும் என்பது ஏற்பாடு. தாலித் தங்கத்தை இழந்துவிட்டோமே என்று அன்று வருந்திய தாய்மார்கள் உண்டு. மகளின் கையில் பட்டம் இருந்தால் தங்கம் தானாக வரும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்; சிரித்தாலும் சரி, செய்தி காதில் விழுந்தால் போதும். ஆண்பிள்ளைகளுக்கும் இதுபோன்றே "தமிழ்ப் புதல்வன்" என்னும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

நம் சபைப் பள்ளிகளில் இவையெல்லாம் இல்லையா என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டின் சட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏழைப் பிள்ளைகளே மிகுதியாகப் படிக்கும் இப்பள்ளிகளை ஒதுக்கியது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. எனினும் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டது. புதுமைப் பெண் உதவி மட்டும் 2024 டிசம்பரில், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. தமிழ் வழியில் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆங்கில வழிப் பிரிவுக்கு அது பொருந்தவில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, 2025 ஆகஸ்டில் அதன் தொடக்க விழா மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் நடந்ததை நம்மில் பலர் பெருமையோடு பேசிக்கொண்டோம். ஆகவே பள்ளியின் பெயரைப் பார்த்தல்ல, அந்தந்தப் பிள்ளையின் நிலையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் பொதுவான ஒன்றையும் இங்கேயே குறித்துவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் தேசிய வருவாய் வழித் தேர்வு நடக்கிறது. தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தகுதியுள்ள பிள்ளைகள் பலர் விண்ணப்பம் போடுவதேயில்லை.

பணவுதவியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குள்ளே நடப்பதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையாகும். நமக்கு அடுத்த அசோக் நகரில் உள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பெயர் 2024-இல் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கே ஊக்கவுரை என்ற பெயரில் ஒரு கூட்டம். வெளியிலிருந்து வந்த பேச்சாளர், உடற்குறையோடும் வறுமையிலும் பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பயன் என்று மாணவியரிடம் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், நிரம்பிய சபை நடுவே எழுந்து, இப்படிப் பேசலாகாது என்று மறுத்தார். பேச்சாளர் அவரிடமே சீறினார். காட்சி வெளியில் பரவியதும் பெருங்கிளர்ச்சி மூண்டது, தலைமையாசிரியை மாற்றப்பட்டார், பேச்சாளர் கைதானார், பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி முதலமைச்சர் ஆணையிட்டார்.

இதை வேற்று மதத்தாரைப் பழிக்கும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், "எந்தப் பாவம் செய்தோமோ" என்று சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளிலும் உண்டு. அருளப்பர் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் சீடர்களே அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பிறவிக் குருடன் இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவத்தால்? அவனுமல்ல, பெற்றோருமல்ல என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். அந்த ஆசிரியர் எழுந்து நின்றபோது அவர் எந்தச் சமயத்தார் என்று நான் விசாரிக்கவில்லை; அது தேவைப்படவுமில்லை. "அங்கேயா?" என்று நாம் முகம் சுளிக்கும் பள்ளிகளில் இப்படிப்பட்டவர்களும் பாடம் நடத்துகிறார்கள்.

அன்று ஆசிரியர் ஒருவர் எழுந்தார். பெற்றோர் எங்கே இருந்தார்கள்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2022-இலும் 2024-இலும் தமிழகமெங்கும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, கணக்கு ஆசிரியர் இடம் காலியாக உள்ளதா, மேடையில் பேச யார் அழைக்கப்படுகிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை தரும் குழு அது. அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம் பங்கு மக்களில் அதன் கூட்டத்துக்குப் போய் வந்ததாக என்னிடம் சொன்னவர்கள் மிகச் சிலரே. திருவிழாத் தேருக்கு எந்த நிற மின்விளக்கு என்று பங்குப் பேரவையில் ஒன்றரை மணி நேரம் வாதாடும் வல்லமை நம்மிடம் இருக்கிறது. அதில் அரை மணியை இங்கே செலவிடலாம். அடுத்த கூட்டம் எந்த நாள் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்கப் போகும்போதே, பிள்ளை எந்தெந்த வகுப்பை அப்பள்ளியில் படித்தது என்பதற்கான சான்றிதழையும் எழுதி வாங்கி, ஞானஸ்நானச் சான்றிதழோடு ஒரே உறையில் பத்திரப்படுத்தி வையுங்கள்.