ரீஸ்டோரிலிருந்து தொடங்குவோம்

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் துணைச் சர்வரில் கொடுக்க நினைத்த அழிப்புக் கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி தரவு போய்விட்டது. தினசரி பேக்கப் இருக்க வேண்டிய எஸ்3 பக்கெட் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த பிஜி டம்ப்போ 9.2. பதிப்பு பொருந்தாமல் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது.

அங்கே ரெப்ளிகேஷன், டம்ப் என்று வழிகள் பல இருந்தன. அவற்றிலிருந்து மீண்டு வர முடியுமா என்று பார்க்கும் வழக்கம்தான் இல்லை. அந்த வழக்கத்தை முதலில் வைத்துக்கொண்டு பேக்கப் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

எத்தனை மணி நேரத் தரவை இழக்கலாம், எவ்வளவு நேரம் சேவை நிற்கலாம் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அதிகாலை 2 மணிக்கு மட்டும் டம்ப் எடுத்தால், மாலை 6 மணிக்கு டிஸ்க் போகும்போது 16 மணி நேர வேலை போகும். அது தாங்காது என்றால் முழு பேக்கப்புடன் போஸ்ட்கிரெஸில் வால் (WAL) எனப்படும் மாற்றப் பதிவுக் கோப்புகளையும், மைஎஸ்கியூஎல்லில் பைனரி லாக்கையும் தொடர்ந்து சேமிக்க வேண்டும். சிறிய தரவுத்தளத்துக்கு டம்ப் போதும். பெரியதில், ஏற்றும்போது இண்டெக்ஸ்களை எல்லாம் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால் ரீஸ்டோர் மணிக்கணக்கில் இழுக்கும். ரெப்ளிகாவை பேக்கப் கணக்கில் சேர்க்கவே கூடாது. தவறான டெலீட் சில நொடிகளில் அங்கேயும் போய்விடும். ஒரு நகலாவது வேறு இடத்தில், வேறு கடவுச்சொல்லின் கீழ் இருக்கட்டும்.

தோல்விச் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். குறித்த நேரத்துக்குள் வெற்றிச் செய்தி வராவிட்டாலே எச்சரிக்கை எழ வேண்டும்.

மாதம் ஒருமுறை தனிச் சர்வரில் முழுதாக ரீஸ்டோர் செய்யுங்கள். ஆன நேரத்தையும் கடைசிப் பரிவர்த்தனையின் நேரத்தையும் பதிவு செய்து, நிர்வாகம் ஒப்புக்கொண்ட எல்லையோடு ஒப்பிடுங்கள். பேக்கப் ஸ்கிரிப்டை எழுதியவர் அல்லாத ஒருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து அதைச் செய்யட்டும். அவர் திணறும் இடங்களை அன்றே குறிப்பில் திருத்திவிடுங்கள்.